களிமண்ணுக்கு ஒளி தந்த லூக்கா



குயவரின் வீட்டுக்குச் சென்று பார்க்கும்படி இறைவன் எரேமியாவை அனுப்பியதை நாம் அறிவோம் (எரே 18). அந்தக் களிமண்ணையே ஆலயங்களின் அழகாக மாற்றிய ஒரு கலைஞரின் வாழ்வை இன்று சிந்திப்போம்.

லூக்கா தெல்லா ரோபியா இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 1400-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். அன்னை மரியாவின் பெயரால் அமைந்த பேராலயத்தின் பெரிய குவிமாடம் அங்கே எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், 1431-ஆம் ஆண்டு, பாடகர் மாடம் அமைக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. திருப்பாடல் 150-ஐ அவர் பளிங்கில் செதுக்கினார். எக்காளம் ஊதியும் முரசு கொட்டியும் பாடியும் ஆடியும் இறைவனைப் புகழும் சிறுவர் சிறுமியர் பத்துப் பலகைகளில் உயிர்பெற்றனர். 1438-இல் பணி நிறைவடைந்தபோது, நகரின் முன்னணிச் சிற்பிகளுள் ஒருவராக அவர் மதிக்கப்பட்டார்.

பளிங்கிலேயே அவர் வாழ்நாளைக் கழித்திருக்கலாம். ஆனால் பளிங்குக்குச் செலவு அதிகம். ஒரு சிற்பத்துக்கே பல ஆண்டுகள் ஆகும். களிமண் மலிவானது, விரும்பியபடி வளையும். ஆனால் எளிதில் உடையும், மழையில் நிறம் இழக்கும். லூக்கா களிமண்ணை எடுத்தார்.

வெள்ளீயமும் காரீயமும் மணலும் சேர்ந்த பூச்சைப் பாத்திரங்களுக்கு இடும் முறை அரபு நாடுகளிலும் ஸ்பெயினிலும் முன்பே இருந்தது. இத்தாலியக் குயவர்களும் அதை அறிந்திருந்தனர். அதைச் சிற்பத்துக்குக் கொண்டுவந்ததே லூக்காவின் புதுமை. களிமண் உருவத்தை ஒருமுறை சூளையில் சுட்டு, பூச்சிட்டு, மறுபடியும் சுடுவார். வெள்ளீயம் பால்போன்ற வெண்மையைத் தரும். கோபால்ட் வான நீலத்தைத் தரும். பெரிய உருவங்கள் சூளையில் வெடிக்காதிருக்க, அவற்றைப் பகுதி பகுதியாகச் செய்து, உள்ளே குடைந்து, சுட்டபின் ஆலயச் சுவரிலேயே இணைப்பார்.

1441 முதல் 1443 வரை மருத்துவமனை ஆலயம் ஒன்றுக்காக அவர் செய்த நற்கருணைப் பேழையில் பளிங்கோடு இந்தச் சுடுமண்ணும் சேர்ந்திருந்தது. அடுத்து, பேராலயத்தின் திருப்பொருள் அறை வாசலுக்கு மேலே ஆண்டவரின் உயிர்ப்பை முழுவதும் சுடுமண்ணில் அமைத்தார். ஏறத்தாழ 580 ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் நீலமும் வெண்மையும் மங்கவில்லை.

அதே வாசலின் வெண்கலக் கதவுகளிலும் அவருடைய உழைப்பு உண்டு. 1478 ஏப்ரல் 26 அன்று திருப்பலி வேளையில் கொலையாளிகள் மெதிச்சி சகோதரர்கள்மீது பாய்ந்தனர். ஜூலியானோ கொல்லப்பட்டார். காயமுற்ற லொரென்சோ அந்த அறைக்குள் ஓட, கதவுகள் மூடப்பட்டன. அவர் உயிர் பிழைத்தார்.

லூக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. சகோதரரின் மகன் ஆந்திரேயாவுக்குத் தம் கலை முழுவதையும் கற்பித்தார். 1471-இல் சிற்பிகள் சங்கத்தின் தலைமைப் பொறுப்பு தேடிவந்தபோது, முதுமையையும் உடல் தளர்ச்சியையும் காட்டி மறுத்துவிட்டார். அதே காலத்தில் எழுதிய உயிலில் தம் உடைமைகளை ஆந்திரேயாவின் சகோதரர் சிமோனேவுக்கு விட்டார். குடும்பத்தைக் காக்கப் போதுமான தொழிலை ஆந்திரேயா ஏற்கெனவே பெற்றுவிட்டார் என்பது அவர் கணிப்பு. கைத்தொழிலையும் சொத்தாகவே அவர் எண்ணினார்.

1482-இல் அவர் இறந்தார். அவருடைய கணிப்பு தவறவில்லை. 1487-இல் ஆந்திரேயா, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான புளோரன்ஸ் இல்லத்தின் முகப்பில், துணி சுற்றிய பச்சிளங்குழந்தைகளை நீல வட்டங்களுக்குள் வடித்தார். பெற்றோரால் விடப்பட்ட பிள்ளைகளை நகரம் ஏற்றுக்கொள்கிறது என்பதை அந்தச் சுவரே சொன்னது. அச்சில் வார்த்தெடுத்த அன்னை மரியாவின் உருவங்கள், பளிங்கு வாங்க வசதியற்ற சிற்றூர் ஆலயங்களுக்கும் சென்று சேர்ந்தன.

அன்புக்குரியவர்களே, மண்பாண்டங்களில் செல்வத்தைச் சுமப்பவர்கள் நாம் என்பது திருத்தூதர் பவுல் நமக்குத் தந்த பாடம் (2 கொரி 4). நம் பிள்ளைகளுக்கு வீடும் நிலமும் சேர்க்க ஓயாது உழைக்கிறோம். நம் கைகள் அறிந்த நல்ல தொழிலையும், உள்ளம் அறிந்த நம்பிக்கையையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க நேரம் ஒதுக்குகிறோமா? இவ்வாரம் சிந்திப்போம்.