இருட்டுக்குப் பயந்த மோகன்தாஸ்

கோலார் தங்கவயலில் இருட்டைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாம்பியன் ரீப் சுரங்கத்தில் பத்தாயிரம் அடிக்கும் கூடுதலான ஆழத்தில் வேலை பார்த்தவர்கள் இந்த ஊரில் உண்டு. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதியோடு சுரங்கங்கள் மூடப்பட்டு விட்டன. ஆனாலும் முதல் நாள் கூண்டில் ஏறி நின்று கீழே இறங்கியபோது வயிற்றைப் பிசைந்த அந்தப் பயத்தை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டில் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். ஆண்பிள்ளை தான் பயந்ததைச் சொல்லிக் கொள்வது நம்மவர்களிடையே வழக்கம் இல்லை.

அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இவர்களுடைய பயம் வேறு. மேலதிகாரி கேள்வி கேட்டால் பதில் தெரிந்திருந்தும் வாய் வராது. நாலு பேர் நடுவில் எழுந்து பேசச் சொன்னால் கால் நடுங்கும்.

இந்த இரண்டு பயங்களும் ஒரே மனிதரிடம் இருந்தன. அவர் அதை மறைக்கவில்லை. ஊர் உலகம் அறியத் தம் சுயசரிதையில் எழுதி வைத்தார். அவர்தான் மகாத்மா காந்தி. அந்தச் சுயசரிதை 1925 முதல் அவருடைய பத்திரிகைகளில் தொடராக வந்தது. தொடர் வந்துகொண்டிருந்த 1927-ம் ஆண்டில் அவர் உடல் நலம் குன்றி, அப்போது கோலார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த நந்தி மலையில் தங்கி ஓய்வெடுத்தார் என்பது நம் பக்கத்தாருக்கு ஒரு கூடுதல் செய்தி.

மூன்று பக்கமும் ஆபத்து

மோகன்தாஸ் 1869-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி போர்பந்தரில் பிறந்தார். தகப்பனார் திவான். வீட்டில் வேலைக்காரர்களுக்குக் குறைவில்லை. இருந்தும் பிள்ளை பயந்தாங்கொள்ளியாகவே வளர்ந்தது. ராஜ்கோட்டில் பள்ளிக்கூடம் விட்டதும் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடி வந்து விடுவார். யாராவது பேச்சுக் கொடுத்து விட்டால் என்ன செய்வது என்ற கூச்சம்தான் காரணம்.

இரவு வந்தால் இன்னும் கஷ்டம். ஒரு பக்கமிருந்து பேய் வருவது போலவும், மறு பக்கமிருந்து திருடன் வருவது போலவும், மூன்றாவது பக்கத்திலிருந்து பாம்பு வருவது போலவும் தோன்றும். அறையில் விளக்கு எரியாவிட்டால் தூக்கம் வராது.

வீட்டில் ரம்பா என்ற வயதான பணிப்பெண் இருந்தாள். பயம் வரும்போதெல்லாம் ராம நாமத்தைச் சொல்லும்படி அவள் சொல்லிக் கொடுத்தாள். பையனுக்கு அந்த மருந்தைக் காட்டிலும் மருந்து கொடுத்தவள் மீதுதான் நம்பிக்கை. சில காலம் சொன்னான், பிறகு விட்டு விட்டான்.

13 வயதில் கல்யாணம் ஆயிற்று. மணப்பெண் கஸ்தூரிபாய்க்கும் ஏறக்குறைய அதே வயது. அந்தப் பெண்ணுக்குப் பாம்பும் தெரியாது, பேயும் தெரியாது. எந்த இருட்டிலும் தன்பாட்டில் போய் வருவாள். புருஷனுக்கோ விளக்கை அணைக்கப் பயம். இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. உள்ளுக்குள் வெட்கப்பட்டுக் கொண்டார். இதைப் படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் எத்தனை வீடுகளில் இப்படி நடந்திருக்கும் என்று யோசித்தால் சிரிப்பு நின்று விடும்.

அந்தச் சமயத்தில் ஒரு சிநேகிதன் வந்து சேர்ந்தான். பாம்பைக் கையில் பிடிப்பேன், பேயை நம்ப மாட்டேன் என்று ஜம்பம் பேசுகிறவன். மாமிசம் சாப்பிடுவதால்தான் தனக்கு இந்தத் தைரியம் என்றான். மோகன்தாஸ் அதையும் செய்து பார்த்தார். ஆற்றங்கரையில் ஒதுக்குப்புறமாக உட்கார்ந்து ஆட்டு இறைச்சியைத் தின்றார். அன்று இரவு உயிருள்ள ஆடு வயிற்றுக்குள்ளிருந்து கத்துவது போலக் கனவு வந்து, இருந்த தூக்கமும் போயிற்று.

எழுந்து நின்றால் தலை சுற்றும்

1888-ல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் புறப்பட்டார். ராஜ்கோட் பள்ளிக்கூடத்தில் வழியனுப்பு விழா நடத்தினார்கள். நன்றி சொல்ல நாலு வரி எழுதி வைத்திருந்தார். படிக்க எழுந்தபோது தலை சுற்றி உடம்பெல்லாம் நடுங்கியது. கப்பலில் சாப்பாட்டு மேஜைக்குப் போகவும் வெட்கம். ஊரிலிருந்து கொண்டு போன பழத்தையும் பட்சணத்தையும் அறைக்குள்ளேயே சாப்பிட்டுப் பொழுதைக் கழித்தார்.

லண்டனில் சைவ உணவுக்காரர்களின் சங்கத்தில் செயற்குழு உறுப்பினரானார். கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார். ஒரு சமயம் டாக்டர் அல்லின்சன் என்ற உறுப்பினரைக் கருத்து வேற்றுமைக்காகச் சங்கத்திலிருந்து நீக்கப் பார்த்தார்கள். அது நியாயமில்லை என்று காந்திக்குப் பட்டது. தம் கருத்தை எழுதிக் கொண்டும் போனார். படிக்கத் துணிவு வரவில்லை. வேறொருவர்தான் அதைப் படித்தார். 1891-ல் ஊர் திரும்பு முன் நண்பர்களுக்கு ஹோல்பார்ன் ஓட்டலில் விருந்து வைத்தார். முதல் வாக்கியத்துக்கு மேல் ஞாபகம் ஓடவில்லை. வந்ததற்கு நன்றி தெரிவித்து விட்டு உட்கார்ந்து விட்டார்.

இதெல்லாம் மாணவப் பருவம் என்று விட்டு விடலாம். பம்பாயில் நடந்ததைத்தான் அப்படி விட முடியாது. அது பிழைப்புச் சம்பந்தப்பட்டது. ஸ்மால் காஸ் கோர்ட்டில் அவருக்குக் கிடைத்த முதல் கேஸ், மமீபாய் என்ற பெண்மணியுடையது. பீஸ் 30 ரூபாய். எதிர்க்கட்சிச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். கோர்ட்டே சுற்றுவது போல் இருந்தது. ஒரு கேள்வியும் தோன்றவில்லை. உட்கார்ந்து விட்டார். பட்டேல் என்ற வக்கீலைப் பார்த்துக் கொள்ளும்படி சொல்லி விட்டு அவசரமாக வெளியேறினார். பட்டேல் வாங்கிய பீஸ் 51 ரூபாய். மமீபாய் ஜெயித்தாளா தோற்றாளா என்பது காந்திக்குக் கடைசி வரை தெரியாது.

விளக்கில்லாத அறை

பிழைப்புத் தேடி நாம் ஊரை விட்டு வந்தோமே, அது போலத்தான் 1893-ல் அவரும் தென்னாப்பிரிக்கா போனார். ஒரு முஸ்லிம் வியாபாரியின் வழக்குக்காக ஓராண்டு வேலை, 105 பவுன் சம்பளம்.

மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில், முதல் வகுப்பு டிக்கெட் கையில் இருந்தும், வெள்ளையர் அல்லாதவர் என்று அவரை வண்டியிலிருந்து இறக்கித் தள்ளியது எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத பகுதி அதற்குப் பிந்தியது. குளிர் காலம். மேல்கோட்டு பெட்டிக்குள் இருந்தது. பெட்டி ரயில்வே சிப்பந்திகளின் பொறுப்பில் இருந்தது. கேட்டால் மறுபடி அவமானப்படுத்துவார்களோ என்று அஞ்சிக் கேட்காமலே இருந்தார். பயணிகள் தங்கும் அறையில் விளக்கு இல்லை. விளக்கில்லாமல் தூங்க முடியாத அந்தப் பிள்ளை, இப்போது 23 வயதில், இருட்டறையில் நடுங்கிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். ஊருக்குத் திரும்புவதா, நின்று பார்ப்பதா என்று யோசித்தார். மறுநாள் மாலை வண்டியில் பிரிட்டோரியாவுக்குத்தான் மேலே பயணம் தொடர்ந்தார்.

பிரிட்டோரியாவில் இந்திய வியாபாரிகளைக் கூட்டி, அவர்களுடைய குறைகளைப் பற்றியும் வியாபாரத்தில் நேர்மையைப் பற்றியும் பேசினார். அதுவே அவருடைய வாழ்நாளின் முதல் பொதுப்பேச்சு. மமீபாய் கேஸில் வராத நாக்கு இங்கே எப்படி வந்தது? பம்பாயில் அவர் நினைத்துக் கொண்டிருந்தது தம்மை. பிரிட்டோரியாவில் நினைத்தது எதிரே இருந்தவர்களை. வேறு காரணம் தெரியவில்லை.

பாலசுந்தரம்

1894-ல் டர்பனில் காந்தி வக்கீல் தொழில் தொடங்கிய சில மாதங்களில் ஒரு தமிழர் அவருடைய அலுவலகத்து வாசலில் வந்து நின்றார். கிழிந்த துணி. முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் ரத்தம். நடுங்கிக்கொண்டு அழுதார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பெயர் பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலியாக ஒரு வெள்ளைக்காரரிடம் வேலை. எஜமான் அடித்த அடி அது. காந்தியிடம் குமாஸ்தாவாக இருந்தவரும் தமிழர். அவர்தான் விஷயத்தை மொழிபெயர்த்துச் சொன்னார்.

ஒப்பந்தக் கூலி எஜமானை விட்டுச் சொல்லாமல் போனால் ஜெயில். அடிபட்டாலும் அந்தச் சட்டம் மாறாது. பாலசுந்தரத்தின் நடுக்கத்துக்கு அடி மட்டும் காரணமல்ல, இந்தச் சட்டமும் காரணம். காந்தி அவரை ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சர்டிபிகேட் வாங்கினார். நேரே மாஜிஸ்திரேட்டிடம் போய் வாக்குமூலம் கொடுக்க வைத்தார். எஜமானைத் தண்டிப்பது அவருடைய நோக்கமல்ல. ஆளை விடுவிக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் ஒப்பந்தம் வேறொரு எஜமானுக்கு மாற்றப்பட்டது. தலைப்பாகையைத் தலையில் கட்டிக் கொள்ளச் சொன்னதும் காந்திதான். கூச்சத்தோடு கட்டிக் கொண்டாலும் பாலசுந்தரத்தின் முகம் மலர்ந்ததாம்.

செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. சென்னை வரைக்கும் வந்தது.

பம்பாயும் சென்னையும்

பயம் அதோடு பறந்து விட்டது என்று எழுத ஆசைதான். உண்மை அப்படி இல்லை. 1896-ல் காந்தி இந்தியா வந்தார். செப்டம்பர் மாதம் பம்பாயில் பெரிய கூட்டம். பெரோஸ்ஷா மேத்தா தலைமை. பேச்சை முன்கூட்டியே அச்சடித்தும் ஆயிற்று. படிக்கத் தொடங்கியதும் குரல் நடுங்கியது. உரக்கப் படிக்கும்படி மேத்தா தைரியம் சொல்லச் சொல்லக் குரல் இன்னும் கீழே போயிற்று. கடைசியில் வாச்சா வாங்கிப் படித்தார்.

அடுத்த மாதம் 26-ந் தேதி சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் கூட்டம். இங்கேயும் அச்சடித்த பேச்சு, அவரளவில் நீளமானது. கூடியிருந்தவர்கள் பாலசுந்தரத்தின் கதையைக் கேள்விப்பட்டு உணர்ச்சிவசப்பட்டிருந்தார்கள். ஒவ்வொரு வார்த்தையையும் கவனமாகக் கேட்டார்கள். பம்பாய்க்கும் சென்னைக்கும் நடுவில் ஒரு மாதம்தான். தம்முடைய அடிபட்ட தொழிலாளி ஒருவனுக்காக நின்றவர் என்று ஜனங்கள் பார்க்கும்போது குரல் எப்படியும் வந்து விடும் போலிருக்கிறது.

1897 ஜனவரி 13-ந் தேதி டர்பனில் வெள்ளைக்காரக் கூட்டம் அவரைக் கல்லாலும் அழுகிய முட்டையாலும் அடித்தது. போலீஸ் சூப்பிரண்டின் மனைவி அலெக்சாண்டர் அம்மாள் குடையை விரித்துக் குறுக்கே நின்று காப்பாற்றினார். அன்று இரவு காந்தி தங்கியிருந்த வீட்டையே கூட்டம் சூழ்ந்து கொண்டது. இந்தியப் போலீஸ்காரரைப் போல வேஷம் போட்டு வெளியேறினார். தலைக்கவசத்துக்குப் பதில் ஒரு தட்டை வைத்து அதன் மேல் சென்னைத் துணியைத் தலைப்பாகையாகச் சுற்றிக் கொண்டார். உயிர்ப் பயத்தால் வேஷம் போட்டாரா, நண்பரின் வீட்டுக்கும் குடும்பத்துக்கும் ஆபத்து வரக்கூடாதென்று போட்டாரா? இந்தக் கேள்வியை அவரே பின்னால் எழுப்பி, தீர்ப்புச் சொல்லாமல் விட்டார்.

விளக்கை நிறுத்திய முதலாளிகள்

1913-ல் நடந்தது தங்கவயல் மக்கள் அறிய வேண்டியது. ஜோகன்னஸ்பர்க்கும் தங்கச் சுரங்க ஊர்தான். அந்தப் பகுதியிலிருந்து பெரும்பாலும் தமிழ்ப் பெண்களாகப் பதினோரு பேர், கைக்குழந்தைகளோடும் சிலர், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். 3 பவுன் தலைவரியை எதிர்த்து வேலையை நிறுத்தும்படி தொழிலாளர்களிடம் எடுத்துச் சொன்னார்கள். அரசாங்கம் அவர்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கொடுத்தது. சுரங்கத்தில் வேலை நின்றது.

முதலாளிகள் செய்த முதல் காரியம், நம் ஊர் லைன் வீடுகளைப் போன்ற அவர்களுடைய குடியிருப்புகளில் தண்ணீரையும் விளக்கையும் நிறுத்தியது. அந்த இருட்டை விட்டு வெளியே வந்து விடுங்கள் என்று காந்தி அழைத்தார். போர்வையைத் தவிர வேறெதுவும் எடுத்துக் கொள்ள வேண்டாம் என்றார். நவம்பர் 6-ந் தேதி எல்லையை நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தில் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள்.

ஜெயிலுக்குப் போன இன்னொரு பெண் வள்ளியம்மை. வயது 16. காய்ச்சலோடு வெளியே வந்தாள். ஜெயிலுக்குப் போனதற்கு வருத்தமில்லையா என்று காந்தி கேட்டபோது, மறுபடியும் போகத் தயார் என்றாள். 1914 பிப்ரவரி 22-ந் தேதி இறந்து போனாள். 1915-ல் இந்தியா திரும்பியதும் காந்தி அவளுடைய பூர்வீக ஊராகிய தில்லையாடிக்குப் போய் வந்தார்.

பாம்புப் பயம் மட்டும் முழுசாகப் போகவில்லை. பாம்புகளைக் கொல்லக் கூடாது என்று டால்ஸ்டாய் பண்ணையில் விதி வைத்தவர் அவர். ஒரு தடவை சிநேகிதர் காலன்பாக்கின் அறையில் பிடிக்கவும் விரட்டவும் முடியாத இடத்தில் பாம்பு இருந்தபோது, அதைக் கொல்ல அனுமதி கொடுத்தவரும் அவரே. பாம்பைக் கையால் பிடிக்கும் துணிவு அப்போதும் தமக்கு இல்லை, இன்றும் இல்லை என்று ஐம்பது வயதுக்கு மேல் எழுதினார். முன்பின் தெரியாத கூட்டத்தில் பேசத் தயக்கம் இருப்பதையும் அப்படியே ஒப்புக் கொண்டார். நாடெங்கும் லட்சக்கணக்கானோர் அவர் பேச்சைக் கேட்கக் கூடிய காலம் அது.

இருட்டுக்குப் பயப்படாத கஸ்தூரிபாய் 1944-ல் பூனாவில் ஆகாகான் மாளிகைக் காவலில் காலமானார். அதுவும் பிப்ரவரி 22-ந் தேதிதான்.

1948 ஜனவரி 20-ந் தேதி டில்லி பிர்லா மாளிகையில் பிரார்த்தனைக் கூட்டத்தின் போது வெடிகுண்டு வெடித்தது. வருகிறவர்களைச் சோதனை போட்டு உள்ளே விட வேண்டும் என்று போலீசார் கேட்டார்கள். பிரார்த்தனைக்கு வருகிறவர்களைச் சோதிக்கக் கூடாது என்று சொல்லி விட்டார். பத்து நாள் கழித்து, 30-ந் தேதி மாலை, பிரார்த்தனைக்குச் சில நிமிஷம் நேரமாகி விட்டது. பேத்தி முறைப் பெண்கள் இருவரின் தோள்களில் கை வைத்தபடி புல்வெளியில் வேகமாக நடந்தார்.