கோலிக்குண்டில் தொடங்கிய வரைபடம்

வில்லியம் ஸ்மித் 1769-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில், சர்ச்சில் என்ற கிராமத்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தை இறந்துவிட, தந்தையின் சகோதரரிடம் வளர்ந்தார்.

அந்த ஊர் வயல்களில் உருண்டையான சிறு கற்கள் கிடைக்கும். பிள்ளைகள் அவற்றை வைத்துக் கோலி ஆடுவார்கள். உண்மையில் அவை சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலக் கடலில் வாழ்ந்து கல்லாகிப்போன பிராக்கியோபாட் என்ற உயிரினங்கள். பார்க்கச் சிப்பி போல இரண்டு ஓடுகள் இருக்கும். ஆனால் சிப்பி இனம் அல்ல. ஒரு ஓடு பெரிது, மற்றது சிறிது. பெரிய ஓட்டின் நுனியில் சிறு துளை ஒன்று இருக்கும். அதன் வழியே வரும் காம்பால்தான் அது கடலடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஸ்மித் கல்லூரிக்குப் போனதில்லை. நில அளவைத் தொழில் கற்றார். 1790-களில் சாமர்செட்டில் நிலக்கரிக் கால்வாய் வெட்டும் பணியில் இருந்தபோது ஒன்றைக் கவனித்தார். பாறை அடுக்குகள் எங்கும் ஒரே வரிசையில் இருந்தன. நிறத்தில் ஒன்றுபோலத் தெரிந்த அடுக்குகளில்கூட, உள்ளிருந்த புதைபடிவங்கள் வேறு வேறாக இருந்தன. ஆகவே புதைபடிவத்தைக் கொண்டே அடுக்கை அடையாளம் காணலாம். பாத் நகர நண்பரான பாதிரியார் பெஞ்சமின் ரிச்சர்ட்சன் சேர்த்து வைத்திருந்த புதைபடிவங்களை, எது எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று ஸ்மித் பிரித்துக் காட்டினார்.

1799-ல் கால்வாய் வேலை போனது. ஆனாலும் நாடெங்கும் அலைந்து, 1815-ல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்குமான நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். அதன் உயரம் எட்டரை அடி, அகலம் சுமார் ஆறு அடி.

புகழுக்கு முன்னே கடன் வந்து நின்றது. பல ஆண்டுகள் சேர்த்த புதைபடிவங்களைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விற்றார். 1817-ல் அவற்றை அடுக்கு வாரியாக விவரித்து நூலும் எழுதினார். அப்படியும் கடன் தீரவில்லை. 1819-ல் கடனாளிகள் சிறையில் சில வாரங்கள் இருந்தார். வெளியே வந்தபோது வீடும் கையில் இல்லை. லண்டனை விட்டு வடக்கே போய்விட்டார்.

1831-ல் லண்டன் நிலவியல் சங்கம் தன் உல்லாஸ்டன் பதக்கத்தை முதல் முறையாக வழங்கியபோது, அதைப் பெற்றவர் ஸ்மித். 1839-ல் காலமானார். அவர் எடுத்து வளர்த்த அக்காள் தங்கை வழி மருமகன் ஜான் ஃபிலிப்ஸ், பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் நிலவியல் கற்பித்தார்.

நம் பிள்ளைகள் சட்டைப்பை நிறையக் கல்லும் கிளிஞ்சலும் கொண்டுவந்தால் உடனே குப்பையில் போட்டுவிட வேண்டாம். எங்கே எடுத்தாய் என்று ஒரு கேள்வி கேட்போம். ஸ்மித் கேட்டதும் அதே கேள்விதான்.