கல்லைப் படித்தவர்

பொறிக்கப்பட்ட எழுத்தும் எழுப்பப்பட்ட கட்டடமும் எவ்வளவு தொன்மையானவையாயினும், அவை மனித வாழ்வின் கடைசிச் சில பக்கங்களையே காட்டுகின்றன. அவற்றுக்கு முன் பல இலட்சம் ஆண்டுகள் இம்மண்ணில் மனிதர் அலைந்து திரிந்து, வேட்டையாடி, கிழங்ககழ்ந்து உண்டு வாழ்ந்தனர். அவர்கள் உடுத்த தோலும் ஏந்திய மரத்தடியும் மண்ணோடு மண்ணாயின. அவர்தம் எலும்புகளும் தென்னிந்தியாவின் வெப்பத்திலும் மழையிலும் பெரும்பாலும் எஞ்சவில்லை. எஞ்சியவை அவர்கள் உடைத்துச் செதுக்கிய கற்களே. அக்கற்களுள் மனிதக் கையின் வேலையை இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் கண்டவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என அறிஞர் அவரைப் போற்றுவர்.

ஃபூட் இங்கிலாந்தின் செல்டனம் நகரில் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் பிறந்தார். 24ஆம் அகவையில், 1858இல், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியேற்றுச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். தாமஸ் ஓல்டாம் அத்துறையின் தலைவராக இருந்த காலம் அது. நிலக்கரியும் கனிமங்களும் எங்கே கிடைக்கும் என்பதை அரசுக்கு அறிவிப்பதும், பாறை வகைகளை நிலப்படத்தில் குறிப்பதும் அத்துறையின் கடமைகள். ஆண்டின் பெரும்பகுதி கூடாரத்தில் கழியும். ஓடை ஓடையாகவும் மேடு மேடாகவும் நடந்து மண்ணின் அடுக்குகளைப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். தொல்பொருள் தேடுவது அவருக்கு இடப்பட்ட பணியன்று.

அவர் இந்தியாவுக்கு வந்த காலத்தில்தான் ஐரோப்பாவில் ஒரு பெரிய வழக்கு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. பிரான்சின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பூஷே தெ பெர்த் என்பவர், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு செதுக்கிய கற்களையும் கண்டெடுத்து, அவை பண்டை மனிதரின் கருவிகள் எனப் பல ஆண்டுகளாக வாதிட்டு வந்தார். அறிஞருலகம் அவரைப் பொருட்படுத்தவில்லை. இந்தியாவில் நெடுங்காலம் பணியாற்றிச் சிவாலிக் மலைப் புதைபடிவங்களை ஆராய்ந்த ஹியூ ஃபால்கனர் 1858இல் அவ்விடத்துக்குச் சென்று கண்டார். அவருடைய தூண்டுதலால் ஜோசப் பிரஸ்ட்விச், ஜான் எவான்ஸ் ஆகியோரும் 1859இல் நேரில் சென்று ஆராய்ந்து, பூஷே தெ பெர்த்தின் கருத்தே சரியானதென அறிவித்தனர். மனிதனின் தொன்மை சில ஆயிரம் ஆண்டுகளே என்னும் நம்பிக்கை அத்தோடு ஆட்டங்கண்டது. இச்செய்திகள் சென்னையில் இருந்த இளம் நிலவியலாளரின் கருத்தைக் கவர்ந்தன. ஐரோப்பாவில் கிடைத்தவை இந்தியாவிலும் கிடைக்கக்கூடுமே என்னும் எதிர்பார்ப்போடு அவர் சரளைப் படிவுகளைப் பார்க்கத் தொடங்கினார்.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், சென்னைக்குத் தெற்கேயுள்ள பல்லாவரத்தில் படையினரின் அணிவகுப்புத் திடலருகே, சரளைக்காகத் தோண்டிய ஒரு சிறு குழியை அவர் பார்வையிட்டார். வெட்டிக் கொட்டப்பட்ட செம்பொறைச் சரளைக் குவியலில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அது குவார்ட்சைட்டால் ஆன பழைய கற்காலக் கருவி. இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்கான முதற்சான்று அதுவே. அப்போது ஃபூட்டின் அகவை 28.

அக்குழியைத் தோண்டியவர் அக்கல்லைக் கண்டிருப்பர்; கண்டும் வெறுங்கல்லென எறிந்திருப்பர். ஆற்றில் உருண்ட கல்லுக்கும் மனிதன் செதுக்கிய கல்லுக்கும் உள்ள வேறுபாட்டை அறிவதே தொல்பழங்கால ஆய்வின் முதற்பாடம். இயற்கை ஒரு கல்லை உடைக்கும்போது அடி எங்கே விழும் என்னும் ஒழுங்கு இல்லை. உருளும்போது விளிம்புகள் மழுங்கும். மனிதன் ஒரு கல்லை மற்றொரு கல்லால் விளிம்பில் தட்டும்போது செதில் பெயர்கிறது. தட்டிய இடத்துக்குக் கீழே செதிலில் ஒரு சிறு புடைப்பும், தாய்க்கல்லில் அதற்கு ஈடான குழிவும் உண்டாகின்றன. அவ்வாறு இருபுறமும் மாறிமாறித் தட்டப்பட்டு, அடிப்பக்கம் பருத்தும் நுனி குறுகியும், இரு பக்கமும் ஏறத்தாழ ஒத்தும் ஒரு கல் அமைந்தால், அதனைச் செய்தவன் உள்ளத்தில் அவ்வடிவம் முன்னரே இருந்திருக்க வேண்டும். ஐரோப்பியக் கருவிகள் பெரும்பாலும் சக்கிமுக்கிக் கல்லால் ஆனவை. சென்னைப் பகுதியில் அக்கல் இல்லை. இங்குள்ள பண்டை மனிதர் கரடுமுரடான குவார்ட்சைட்டைப் பயன்படுத்தினர். கல்லின் இனம் மாறியபோதும் அதிலிருந்த கையின் வேலையை ஃபூட் இனங்கண்டாரே, அதுவே வியப்பிற்குரியது.

ஆயினும் பல்லாவரத்துக் கல்லில் ஒரு குறை இருந்தது. அது குழியிலிருந்து வெளியே எறியப்பட்ட குவியலில் கிடைத்தது. எந்த மண்ணடுக்கில் புதைந்திருந்ததென உறுதியாகக் கூற இயலாது. அடுக்கு தெரியாத கருவிக்குத் தொன்மை கூறுதல் அரிது. எனவே அவர் தம் தோழரும் உடன் பணியாற்றியவருமான வில்லியம் கிங்குடன் சேர்ந்து தேடலைத் தொடர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், கொற்றலையாற்றுப் பள்ளத்தாக்கில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில், ஓடை அரித்த கரையில் கற்கருவிகள் கலையாத படிவுக்குள்ளேயே பதிந்திருக்கக் கண்டனர். ஐயத்துக்கு இனி இடமில்லை.

இக்கண்டுபிடிப்புகளைப் பற்றிய ஃபூட்டின் விரிவான கட்டுரை 1866இல் சென்னையிலேயே அச்சாயிற்று. 1868இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் கூடிய தொல்பழங்காலவியல் பேரவையில் அவர் தம் ஆய்வை முன்வைத்தார். இந்தியத் தொல்லியல் என்றால் தூபிகளும் கல்வெட்டுகளுமே என்றிருந்த காலம் அது. தொல்லியல் அளவீட்டாளராக அலெக்சாண்டர் கன்னிங்காம் அமர்த்தப்பட்டு அப்போது சில ஆண்டுகளே கழிந்திருந்தன.

ஃபூட்டின் குடும்பத் தொடர்பு தமிழோடும் பிணைந்தது. அவர் மணந்தது பீட்டர் பெர்சிவலின் மகளை. பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். சென்னையில் தினவர்த்தமானி என்னும் இதழை நடத்தியவர். மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கியவர். மாமனார் ஊர்தோறும் வழங்கிய பழமொழிகளைத் திரட்ட, மருமகனார் ஊர்தோறும் கிடந்த கற்களைத் திரட்டினார்.

நிலவியல் பணியில் ஃபூட் ஆற்றியது தனிநூலாக விரியக்கூடியது. தார்வார்ப் பாறைத் தொகுதி என இன்றும் மாணவர் கற்கும் பெயர் அவர் இட்டது. கோகாக் அருகே அவர் கண்டெடுத்த, அழிந்துபட்ட காண்டாமிருக இனமொன்றின் எலும்புகளைப் பற்றிய அவருடைய விளக்கம் 1874இல் வெளிவந்தது. இவ்வளவு பணிக்கிடையிலும் கற்கருவி தேடும் கண் ஓயவில்லை. நானூற்றுக்கும் மேற்பட்ட தொல்பழங்கால இடங்களை அவர் பதிவு செய்தார்.

அவற்றுள் பெல்லாரிப் பகுதியின் சாம்பல் மேடுகள் தனியே குறிப்பிடத் தக்கவை. குன்றெனக் குவிந்த அச்சாம்பலைப் பற்றி மக்களிடையே கதைகள் பல வழங்கின. ஹம்பியருகே நிம்பாபுரத்து மேடு வாலியின் சிதைச் சாம்பல் என்பர். குடத்தினி மேடு வீமன் கொன்ற இடிம்பாசுரனுடையது என்பர். கற்றறிந்த ஐரோப்பியர் சிலர் பெருவேள்விகளின் எச்சம் எனக் கருதினர். ஃபூட் அம்மேடுகளைத் துருவி ஆராய்ந்து, புதிய கற்கால மக்கள் மாடுகளை அடைத்த பட்டிகளில் குவிந்த சாணம் எரிந்ததால் உண்டான சாம்பல் என்றார். எளிய விளக்கம், அதனாலேயே பலருக்கு நிறைவளிக்கவில்லை. 1957இல் ரேமண்ட் ஆல்சின் இன்றைய தெலங்கானாவின் உட்நூரில் அகழ்ந்தபோது, பட்டியைச் சுற்றி நட்ட மரத்தூண்களின் குழிகளும், மாடுகளின் குளம்புத் தடங்களும் வெளிப்பட்டன. ஃபூட் மறைந்து 45 ஆண்டுகளுக்குப் பின் அவர் கூற்று நிலைபெற்றது.

எல்லாக் கூற்றும் அவ்வாறு நிலைபெறவில்லை. கருவிகளைச் செய்த மனிதரின் எலும்பையும் காணவேண்டும் என்னும் வேட்கை அவருக்கு இருந்தது. மனித உடலின் தோற்ற வளர்ச்சியை ஆராயும் மானிடவியலுக்குக் கருவி மட்டும் போதாது. மண்டையோடும் பல்லும் தேவை. சுண்ணாம்புக்கல் குகைகளில் எலும்பு கெடாமல் தங்கும் என்பதனால், 1884இல் கர்னூல் மாவட்டத்துப் பில்லசுர்க்கம் குகைகளில் ஆய்வு தொடங்கிற்று. அதனை ஃபூட்டின் மகனும் படை அலுவலருமான ஹென்றி முன்னின்று தொடர்ந்தார். விலங்கெலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன. தேடிய பண்டை மனிதன் மட்டும் அகப்படவில்லை. அங்குக் கிடைத்த எலும்புத் துண்டுகள் பலவற்றைக் கருவிகள் என ஃபூட் கருதினார். பின்வந்தோர் பலர் அதனை ஏற்கத் தயங்கினர். அவர் தேடியதற்கு ஈடான ஒன்று, 1982இல் நருமதைக் கரையின் ஹத்னோராவில் மண்டையோட்டின் ஒரு பகுதியாகக் கிடைத்தது. கண்டெடுத்த அருண் சோனாக்கியாவும் ஃபூட் பணியாற்றிய அதே நிலவியல் துறையினரே.

செம்பொறைப் படிவுகள் கடலடியில் உருவானவை எனத் தொடக்கத்தில் ஃபூட் கொண்ட கருத்தும் பின்னர்க் கைவிடப்பட்டது. 33 ஆண்டுப் பணிக்குப் பின் 1891இல் ஓய்வுபெற்ற அவர், பரோடா அரசுக்காக நிலவியல் ஆய்வு மேற்கொண்டார். அப்போது 1893இல் சபர்மதி ஆற்றுச் சரளையில் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டார். அச்சரளைக்கு மேல் வண்டல் மிகத் தடித்துப் படிந்திருந்தது. அதற்கும் மேலேதான் புதிய கற்காலத் தடயங்கள். எனவே இரு காலங்களுக்கும் இடையே மனிதரற்ற நெடிய இடைவெளி ஒன்று இருந்ததென முடிவு செய்தார். அவ்விடைவெளியைச் சோதிக்கவே 1941இல் எச். டி. சங்காலியா குசராத்துக்கு ஆய்வுக்குழுவோடு சென்றார். நுண்கற்காலம் உள்ளிட்ட பல கட்டங்கள் பின்னர் அவ்வெற்றிடத்தை நிரப்பின. ஃபூட்டின் முடிவு பொய்த்தது. ஆனால் எந்த ஆற்றின் எந்தக் கரையில், எந்த அடுக்கில் கண்டார் என அவர் எழுதிவைத்ததனால்தான் அம்முடிவைச் சோதிக்கவே முடிந்தது.

கருவிகளைத் திரட்டிய செல்வர் பலர் அக்காலத்தில் இருந்தனர். அழகானதைப் பொறுக்கிப் பேழையில் வைத்தனர், ஊர்ப்பெயர் எழுதவில்லை. ஃபூட் உடைந்த துண்டையும் விடாது எண்ணிட்டு, கிடைத்த இடத்தைக் குறித்தார். அத்தொகுப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டு எழும்பூரை அடைந்தது. இந்தியாவின் எத்தனையோ தொல்பொருள்கள் கடல்கடந்த காலத்தில், இது இங்கேயே தங்கியது பெரும்பேறு.

சென்னைப் பகுதிக் கைக்கோடரி மரபு பிற்காலத்தில் உலக அறிஞரிடையே சென்னையின் பெயராலேயே வழங்கலாயிற்று. 1999இல் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் அதிரம்பாக்கத்தில் அகழத் தொடங்கினர். அங்கே அடியில் இருந்த களிமண் அடுக்கு, மனிதர் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய பாறைப் படிவு எனவே அதுகாறும் கருதப்பட்டது. தோண்டிப் பார்த்தபோது அக்களிமண்ணுக்குள்ளேயே கைக்கோடரிகள் இருந்தன. நிலத்தின் மேற்பரப்பில் கிடக்கும் குவார்ட்சில் அண்டக்கதிர் பட்டு அரிய அணுக்கள் சில உண்டாகும். கல் புதைந்தபின் அவை வெவ்வேறு விரைவில் சிதையும். எஞ்சிய அளவைக் கொண்டு கல் புதைந்த காலத்தைக் கணித்தனர். 2011இல் வெளியான முடிவின்படி அக்கருவிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள். 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு, அதே இடத்தில் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம் தொடங்கிவிட்டதெனக் காட்டியது. ஃபூட் தம் வாழ்நாளில் இவ்வெண்களைக் கனவிலும் கண்டிருக்க இயலாது. கருவியின் முதுமையை அடுக்கின் ஆழத்தால் உணர்ந்தாரேயன்றி ஆண்டுக் கணக்கில் கூற அவருக்கு வழியில்லை.

இறுதிக் காலத்தில் அவர் சேர்வராயன் மலையில் ஏற்காட்டில் வாழ்ந்தார். அம்மலையில் கிடைத்த மெருகேற்றிய கற்கோடரிகளை மலைவாழ் மக்கள் சிறு கோயில்களில் வைத்து வழிபட்டு வந்தனர். முதுமையிலும் தம் தொகுப்புக்கு விளக்கப் பட்டியல் எழுதும் பணியில் ஈடுபட்டிருந்தார். 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். அவருடைய உடல் எரியூட்டப்பட்டு, சாம்பல் ஏற்காட்டின் திரித்துவ ஆலயத்தில் வைக்கப்பட்டது. அவர் எழுதிய பட்டியலைச் சென்னை அருங்காட்சியகம் 1914இலும், கருவிகளின் காலத்தையும் பரவலையும் பற்றிய குறிப்புகளை 1916இலும் நூல்களாக வெளியிட்டது.