சி. இராஜகோபாலாச்சாரி

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி (டிசம்பர் 10, 1878 - டிசம்பர் 25, 1972) இந்திய விடுதலைப் போராட்ட வீரர், வழக்கறிஞர், எழுத்தாளர், அரசியல்வாதி ஆவார். இராஜாஜி என்ற பெயரில் பரவலாக அறியப்படுகிறார். சென்னை மாகாணத்தின் பிரதமர், மேற்கு வங்க ஆளுநர், இந்தியாவின் தலைமை ஆளுநர், நடுவண் உள்துறை அமைச்சர், சென்னை மாநில முதலமைச்சர் ஆகிய பதவிகளை வகித்தவர். தலைமை ஆளுநர் பதவியை வகித்த ஒரே இந்தியர் இவரே. இன்றைய கிருட்டிணகிரி மாவட்டத்தின் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி கிராமத்தில் பிறந்த இவரது பொதுவாழ்வு சேலம் நகராட்சியில் தொடங்கியது. தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு, கதர் ஆகிய மூன்றும் இவர் உள்ளூர் அளவில் தொடங்கிப் பின்னர் மாகாண அளவுக்குக் கொண்டுசென்ற பணிகளாகும்.

பிறப்பும் கல்வியும்

இராஜாஜி தொரப்பள்ளியில் சக்கரவர்த்தி வேங்கடார்யன், சிங்காரம்மாள் இணையரின் மூன்றாவது மகனாகப் பிறந்தார். தந்தையார் அக்கிராமத்தின் முன்சீப்பாகப் பணியாற்றியவர். வரி வசூல், சிறு வழக்குகள், ஊர்க் காவல் போன்றவை கிராம முன்சீப்பின் பொறுப்பில் இருந்த காலம் அது. தொரப்பள்ளி அப்போது சேலம் மாவட்டத்தின் ஓசூர் வட்டத்தில் இருந்தது. மைசூர் சமஸ்தானத்தை ஒட்டிய இப்பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் வழக்கில் இருந்தன. இன்றும் இருந்து வருகின்றன.

தொடக்கக் கல்வியைத் தொரப்பள்ளியில் தொடங்கிய இராஜாஜி, குடும்பம் ஓசூருக்குக் குடிபெயர்ந்தபின் அங்குள்ள பள்ளியில் பயின்றார். சிறு வயதிலேயே கிட்டப்பார்வைக் குறைபாடு உடையவராக இருந்தார். 1891 இல் மெட்ரிகுலேசன் தேர்வில் தேறினார். 1894 இல் பெங்களூர் மத்தியக் கல்லூரியில் கலைப் பட்டமும், 1897 இல் சென்னையில் சட்டப் பட்டமும் பெற்றார். அதே ஆண்டில் அலர்மேல் மங்கம்மாளை மணந்தார். இவர்களுக்கு மூன்று மகன்களும் இரண்டு மகள்களும் பிறந்தனர். மங்கம்மாள் இளம் வயதிலேயே காலமானார். அதன்பின் இராஜாஜி மறுமணம் செய்துகொள்ளவில்லை.

சேலத்தில் வழக்கறிஞர் பணி

1900 ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். குறுகிய காலத்தில் மாவட்டத்தின் முன்னணி வழக்கறிஞர்களுள் ஒருவரானார். காங்கிரசின் மூத்த தலைவர்களுள் ஒருவரான சேலம் சி. விஜயராகவாச்சாரியாரும் இதே ஊரில் வாழ்ந்தவர். 1906 இல் கல்கத்தாவிலும் 1907 இல் சூரத்திலும் நடந்த காங்கிரசு மாநாடுகளில் இராஜாஜி கலந்துகொண்டார். தொடக்கத்தில் திலகரின் தீவிரப் பிரிவின் மீது ஈடுபாடு கொண்டிருந்தார். 1917 இல் அரச நிந்தனைக் குற்றச்சாட்டுக்கு உள்ளான பி. வரதராஜுலு நாயுடுவிற்காக நீதிமன்றத்தில் வாதாடினார்.

தாய்மொழியில் அறிவியலைக் கற்பிக்க வேண்டும் என்பதிலும் இக்காலத்திலேயே ஆர்வம் காட்டினார். 1916 இல் அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் உருவாக்குவதற்கென ஒரு சங்கத்தை அமைத்தார். பிற்காலத்தில் இவர் எழுதிய திண்ணை ரசாயனம் என்னும் நூல் இந்த ஆர்வத்தின் தொடர்ச்சியாகும்.

நகராட்சிப் பணி

1911 இல் சேலம் நகராட்சியின் உறுப்பினரானார். 1917 முதல் 1919 வரை அதன் தலைவராகப் பணியாற்றினார். அக்காலத்தில் சொத்து அல்லது வரித் தகுதி உடையவர்கள் மட்டுமே நகராட்சித் தேர்தலில் வாக்களிக்க முடிந்தது. ஆகவே நகரின் ஏழைகளும் தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் மன்றத்தில் இடம்பெறுவது அரிதாக இருந்தது. சேலம் நகராட்சியில் முதன்முதலாகத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் உறுப்பினராவதற்கு இராஜாஜி காரணமாக இருந்தார்.

இவர் தலைவராக இருந்தபோது, அக்கிரகாரத்துக்குக் குடிநீர் திறந்துவிடும் பணியில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் அமர்த்தப்பட்டார். அவர் கைபட்டால் நீர் தீட்டாகிவிடும் என்று அக்கிரகாரத்தார் எதிர்ப்புத் தெரிவித்தனர். இராஜாஜி அந்த நியமனத்தை மாற்ற மறுத்துவிட்டார். நகரின் குடிநீரை மக்களுக்குத் திறந்துவிடும் பொறுப்பு நகராட்சி ஊழியருடையது என்பதால், அவ்வூழியர் எவ்வகுப்பினர் என்ற கேள்விக்கு நிர்வாகத்தில் இடமில்லாமல் போயிற்று. எதிர்த்தவர்கள் இராஜாஜியின் சொந்த வகுப்பினர் என்பதும், நகராட்சித் தேர்தலில் வாக்குரிமை உடையவர்களாய் இருந்தவர்கள் என்பதும் குறிப்பிடத்தக்கவை. தாழ்த்தப்பட்டவர்களுடன் அமர்ந்து உணவு உண்டமைக்காகவும் இவர் தம் சமூகத்தாரின் விலக்கலுக்கு ஆளானார்.

இதே காலத்தில் ஈ. வெ. இராமசாமி ஈரோடு நகராட்சியின் தலைவராக இருந்தார். நகராட்சிப் பணிகளின் வழியே வளர்ந்த இருவரின் நட்பு, ஈ. வெ. இராமசாமி காங்கிரசில் சேர்வதற்கு ஒரு காரணமாக அமைந்தது. 1925 இல் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாததை அடுத்து அவர் காங்கிரசை விட்டு வெளியேறினார். அதன்பின் இருவரும் அரசியலில் எதிரெதிர் அணிகளில் இருந்தாலும் தனிப்பட்ட நட்பு இறுதிவரை நீடித்தது.

ஒத்துழையாமை இயக்கம்

1919 இல் மகாத்மா காந்தி சென்னைக்கு வந்தபோது இராஜாஜியின் இல்லத்தில் தங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுவதும் கடையடைப்பும் நோன்பும் நடத்தும் எண்ணம் காந்திக்கு அங்குதான் தோன்றியது. 1920 இல் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் இராஜாஜி பெருவருவாய் தந்த வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டார். 1921 திசம்பரில் கைதாகி, 1922 மார்ச்சு வரை வேலூர்ச் சிறையில் இருந்தார். அங்கு எழுதிய நாட்குறிப்பு பின்னர் நூலாக வெளிவந்தது.

திருச்செங்கோடு காந்தி ஆசிரமம்

1925 பிப்ரவரி 6 ஆம் நாள் திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அதற்கான நிலத்தைப் புதுப்பாளையம் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் வழங்கினார். அதே ஆண்டில் காந்தியும் இங்கு வந்திருந்தார். மாகாணத் தலைவராக அறியப்பட்டிருந்த இராஜாஜி தம் பிள்ளைகளுடன் ஆசிரமக் குடிலில் எளிய முறையில் வாழ்ந்தார்.

மழை பொய்த்த ஆண்டுகளில் வேளாண்மையை மட்டும் நம்பியிருந்த குடும்பங்கள் பட்டினியால் வாடிய பகுதி அது. ஆசிரமம் சுற்று வட்டாரப் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்து, அவர்கள் நூற்ற நூலுக்குக் கூலி வழங்கியது. அந்நூல் உள்ளூர் நெசவாளர்களிடம் கதராக நெய்யப்பட்டு விற்பனைக்கு அனுப்பப்பட்டது. இதனால் நூற்போர், நெய்வோர் ஆகிய இருசாராரும் ஊரை விட்டு வெளியேறாமல் வருவாய் பெற்றனர். ஆசிரமத்தில் மருத்துவ உதவியும் அளிக்கப்பட்டது.

ஆசிரமத்தில் எல்லா வகுப்பினரும் ஒன்றாக வாழ்ந்து ஒன்றாக உணவு உண்டனர். இதன் காரணமாகத் தொடக்கத்தில் சுற்றுப்புறக் கிராமத்தினர் சிலர் ஆசிரமத்தைப் புறக்கணித்தனர். நூற்புக் கூலியும் மருத்துவ உதவியும் தேவைப்பட்டதால் நாளடைவில் இப்புறக்கணிப்பு தளர்ந்தது. இராஜாஜிக்குப் பின்னரும் இவ்வாசிரமம் கதர் நிறுவனமாகத் தொடர்ந்தது.

விமோசனம் இதழ்

ஆசிரமத்தின் மற்றொரு முதன்மைப் பணி மதுவிலக்குப் பரப்புரை ஆகும். கிராமக் குடும்பங்களின் கடனுக்கும் வறுமைக்கும் கள்ளும் சாராயமும் பெருங்காரணங்கள் என்று இராஜாஜி கருதினார். 1929 இல் மதுவிலக்குக்கென்றே விமோசனம் என்னும் இதழைத் தொடங்கினார். எழுத்தாளர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி ஆசிரமத்தில் தங்கி இவ்விதழில் துணையாசிரியராகப் பணியாற்றினார். கதைகள், கட்டுரைகள், படங்கள் வாயிலாகக் குடியின் தீமைகளை விளக்கிய இவ்விதழ் பத்து இதழ்களே வெளிவந்தது. உப்புச் சத்தியாக்கிரகத்துடன் இது நின்றுபோனது.

வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகம்

1930 ஏப்ரல் 13 ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் வேதாரண்யம் நோக்கி நடைப்பயணம் புறப்பட்டார். ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நீண்ட இப்பயணத்தில் தொண்டர்களுக்கு உணவோ தங்குமிடமோ அளிப்பவர்கள் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்தார். ஆயினும் வழியோரக் கிராம மக்கள் உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவைத்து உதவினர். வேதாரண்யத்தில் சர்தார் வேதரத்தினம் பிள்ளை தொண்டர்களுக்கான ஏற்பாடுகளைச் செய்தார். ஏப்ரல் 30 ஆம் நாள் உப்பு அள்ளிய இராஜாஜி கைது செய்யப்பட்டார்.

சென்னை மாகாணப் பிரதமர்

1937 தேர்தலில் காங்கிரசு வெற்றி பெற்றதை அடுத்து, அவ்வாண்டு சூலை 14 ஆம் நாள் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அக்டோபர் 1, 1937 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. ஓசூர், கிருட்டிணகிரி, திருச்செங்கோடு ஆகியவை அன்றைய சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. எனவே இவர் பிறந்த ஊர், தொழில் செய்த நகர், ஆசிரமம் நடத்திய கிராமம் ஆகிய மூன்றிலும் ஒரே நாளில் மதுக்கடைகள் மூடப்பட்டன. தொழிலை இழந்த கள் இறக்குவோர் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச ஊக்குவிக்கப்பட்டனர். 1938 இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும் 1939 இல் வட ஆற்காடு மாவட்டத்துக்கும் மதுவிலக்கு விரிவாக்கப்பட்டது. இதனால் ஏற்பட்ட வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939 இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. இந்தியாவில் இத்தகைய வரி விதிக்கப்பட்டது இதுவே முதன்முறையாகும்.

உழவர்களின் கடன் சுமையைக் குறைக்கும் சட்டம் 1938 இல் நிறைவேறியது. பொதுக் கிணறு, பொதுச் சாலை போன்றவற்றைப் பயன்படுத்தத் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு இருந்த தடைகளை நீக்கும் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது, அதை எம். சி. இராஜா முன்மொழிந்திருந்தார். 1939 சூலையில் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடைபெற்றது. அதில் ஈடுபட்டோருக்குப் பாதுகாப்பளிக்கும் வகையில் ஆலயப் பிரவேசச் சட்டத்தை இராஜாஜி அரசு கொண்டுவந்தது.

இதே ஆட்சிக்காலத்தில், 1938 இல், பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டது கடும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. ஈ. வெ. இராமசாமி உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். நடராசன், தாளமுத்து ஆகிய இருவர் 1939 இல் காவலில் இருந்தபோது உடல்நலம் குன்றி இறந்தனர். மறியல், ஊர்வலம், சிறை நிரப்புதல் என்று போராட்டக்காரர்கள் கையாண்ட முறைகள், இராஜாஜி முன்பு வெள்ளையர் அரசுக்கு எதிராகக் கையாண்டவையே ஆகும். இரண்டாம் உலகப் போரில் மக்களின் இசைவின்றி இந்தியா ஈடுபடுத்தப்பட்டதைக் கண்டித்து 1939 அக்டோபரில் காங்கிரசு அமைச்சரவை பதவி விலகியது. கட்டாய இந்தி ஆணை 1940 இல் ஆளுநரால் திரும்பப் பெறப்பட்டது.

விடுதலைக்குப் பின்

வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை ஏற்காததால் 1942 இல் காங்கிரசிலிருந்து விலகியிருந்த இராஜாஜி, 1946 இல் அமைந்த இடைக்கால அரசில் அமைச்சரானார். 1947 இல் மேற்கு வங்க ஆளுநராகவும், 1948 சூன் 21 முதல் 1950 சனவரி 26 வரை இந்தியத் தலைமை ஆளுநராகவும் இருந்தார். 1952 ஏப்ரலில் சென்னை மாநில முதலமைச்சரானார். இவரது மகன் சி. ஆர். நரசிம்மன் 1952, 1957 தேர்தல்களில் கிருட்டிணகிரித் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1953 இல் ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் மாணவர்கள் பெற்றோரின் தொழிலைக் கற்கும் திட்டத்தை அறிவித்தார். கூடுதல் செலவின்றி அதிகக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பது இதன் நோக்கமாகக் கூறப்பட்டது. ஆனால் பிறப்பின் அடிப்படையிலான தொழிலை நிலைநிறுத்தும் குலக்கல்வித் திட்டம் என்று திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் இதனை எதிர்த்தன. காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து முதலமைச்சரான கு. காமராசர் இத்திட்டத்தைக் கைவிட்டார்.

1954 இல் இராஜாஜிக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. இராமாயணத்தைத் தழுவி எழுதிய சக்கரவர்த்தித் திருமகன் என்னும் நூலுக்காக 1958 இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். 1959 இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1962 இல் அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்த வலியுறுத்தி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்தார். இந்தி மட்டுமே நடுவணரசின் ஆட்சிமொழி ஆவதை 1960களில் எதிர்த்தார். 1967 தேர்தலில் இவரது கட்சி திராவிட முன்னேற்றக் கழகத்துடன் கூட்டணி அமைத்தது.

மதுவிலக்குத் தளர்வும் மறைவும்

போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சியின்போது தளர்த்தப்பட்ட மதுவிலக்கு, 1948 இல் மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 1971 இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு நிதி நிலையைக் காரணம் காட்டி அதனை நிறுத்திவைத்தது. தொண்ணூற்றிரண்டு வயதான இராஜாஜி முதலமைச்சரின் இல்லத்துக்கு நேரில் சென்று இம்முடிவைக் கைவிடுமாறு வேண்டினார். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. 1972 திசம்பர் 25 ஆம் நாள் சென்னை அரசு பொது மருத்துவமனையில் காலமானார்.

மதிப்பீடு

இராஜாஜி மாகாணத்துக்குக் கொண்டுசென்ற பணிகளில் தீண்டாமை ஒழிப்பும் மதுவிலக்கும் முன்னரே சேலத்திலும் புதுப்பாளையத்திலும் அவர் ஈடுபட்டுச் செய்தவை. அப்பணிகளில் ஊராரின் எதிர்ப்பை நேரில் எதிர்கொண்டு, அவர்களிடையே வாழ்ந்து, சிறிது சிறிதாக ஆதரவு பெற்றார். கட்டாய இந்தியும் 1953 ஆம் ஆண்டின் கல்வித் திட்டமும் இத்தகைய அடித்தளம் இன்றி ஆணைகளாக வந்தவை. இரண்டும் மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டன. இவரது ஆதரவாளர்கள் முதல்வகைப் பணிகளையும், எதிர்ப்பாளர்கள் இரண்டாம் வகை முடிவுகளையும் முன்னிறுத்துகின்றனர்.

நினைவிடங்கள்

இராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இல்லம் தமிழக அரசால் நினைவு இல்லமாகப் பராமரிக்கப்படுகிறது. சென்னை கிண்டியில் இவருக்கு நினைவு மண்டபம் உள்ளது. இவர் பிறந்தபோது சேலம் மாவட்டத்தில் இருந்த தொரப்பள்ளி, 1965 இல் தருமபுரி மாவட்டத்திலும், 2004 இல் உருவான கிருட்டிணகிரி மாவட்டத்திலும் அடங்கியது. 1970களிலிருந்து சிப்காட் தொழிற்பேட்டைகளால் தொழில் நகரமாக வளர்ந்த ஓசூருக்கு மிக அருகில் இவ்வூர் அமைந்துள்ளது.