பாடகர் மாறினார்... கூட்டம் குறையவில்லை!

குழந்தைகளே... உங்களுக்கு மிகவும் பிடித்த இசைக்குழுவில் திடீரென்று பாடகர் மாறிவிட்டால் என்ன செய்வீர்கள்? பழைய குரல்தான் வேண்டும் என்று முகத்தைத் திருப்பிக் கொள்வீர்களா? புதியவருக்கும் கை தட்டுவீர்களா?

நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் நாடகக் கொட்டகைகளில் இந்தச் சங்கடம் அடிக்கடி வந்தது. அதன் நடுவிலேயே வாழ்ந்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867ம் ஆண்டு பிறந்தார். தந்தை தாமோதரன், ராமாயணத்தில் நல்ல புலமை உடையவர். மகனுக்கு அவரே முதல் ஆசிரியர். பிறகு பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் இலக்கணம் கற்றார். வெண்பா, சந்தம் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால், பார்த்த முதல் வேலை என்ன தெரியுமா? உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதுவது!

24 வயதில் அந்த வேலையை உதறிவிட்டு நாடகத்துக்கு வந்தார். எமன், ராவணன், இரணியன், சனீஸ்வரன் என்று பயங்கரமான வேடங்களே அவருக்கு அமைந்தன. ஒருமுறை சனீஸ்வரன் வேடத்தில் விடிய விடிய நடித்துவிட்டு, முகப்பூச்சைக் கழுவ நீர்நிலைக்குப் போனாராம். அரையிருட்டில் அவரைக் கண்ட ஒரு பெண், பயத்தில் அங்கேயே விழுந்து இறந்து போனாளாம். அன்றோடு வேடம் போடுவதையே விட்டார் என்று சொல்வார்கள். அதன்பின் நாடகம் எழுதுவதும், நடிகர்களுக்குக் கற்றுத் தருவதுமே அவர் வேலையாயிற்று.

புதுக்கோட்டையில், கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் மகன் போலவே வைத்திருந்தார். தாள நுணுக்கங்களை சுவாமிகள் அங்கேதான் கற்றார்.

அந்தக் கால நாடகத்தில் பேச்சைவிடப் பாட்டுதான் அதிகம். மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாட வேண்டும். பெரிய நடிகர்கள் சிலர், எழுதியதை விட்டுவிட்டு மனம் போனபடி பேசியும் பாடியும் வந்தார்கள். இது சரிப்படாது என்று நினைத்த சுவாமிகள், 1918ல் மதுரையில் சிறுவர்களை மட்டும் சேர்த்து ஒரு குழுவைத் தொடங்கினார். அதன் பெயர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா. பெயரைச் சொல்வதற்கே ஒரு மூச்சு வேண்டும்!

அந்தச் சபையில் சேர்ந்தவர்களில் ஒருவன் ஆறு வயது சண்முகம். பின்னாளில் ஔவையார் வேடம் போட்டு, ஔவை சண்முகம் என்று புகழ் பெற்றவர் அவர்தான். அந்தச் சின்னப் பையனுக்காகவே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை சுவாமிகள் ஒரே இரவில் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள்... வசனங்கள்... பொழுது விடிந்தபோது நாடகம் தயார்!

பையன்கள் குழுவுக்கு ஒரு பெரிய தொல்லை உண்டு. எட்டாம் வகுப்பு அண்ணன்களின் குரல் திடீரென்று கரகரப்பதைக் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? நாடகக்காரர்கள் அதை 'மகரக்கட்டு' என்பார்கள். நேற்று வரை தேனாகப் பாடிய பையன், இன்று வாய் திறந்தால் தகர டப்பாவை உருட்டுவது போல இருக்கும். பாவம், அவன் என்ன செய்வான்? அவன் வேடம் இன்னொரு பையனுக்குப் போய்விடும். பழைய குரலுக்குப் பழகிய ரசிகர்களுக்கு முதலில் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால், பாட்டும் வசனமும் சுவாமிகள் எழுதியபடி அப்படியே இருக்கும். புதுப் பையனும் அதே கண்டிப்பில் பயிற்சி பெற்றவன். அதனால் ஜனங்கள் மறுபடியும் டிக்கெட் வாங்கினார்கள்.

1921ல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் விழுந்தன. எத்தனையோ பேருக்குப் பாடச் சொல்லித் தந்த வாய், பேச்சையே இழந்தது! நாடகம் மட்டும் நிற்கவில்லை. பையன்கள் நடித்துக்கொண்டே இருந்தார்கள். 1922 நவம்பர் 13ல் புதுச்சேரியில் சுவாமிகள் காலமானார். 1925ல் சண்முகமும் அவரது சகோதரர்களும் தனிச் சபை தொடங்கியபோது, சுவாமிகளின் நாடகங்களையே கையில் எடுத்துக்கொண்டார்கள்.

இன்று அந்தச் சபைகள் எதுவும் இல்லை. ஆனால், சுவாமிகளின் நாடகத்தைப் பார்க்க வேண்டுமா? இராமநாதபுரம் சீமைக்குப் போங்கள். தேவிபட்டினத்திலிருந்து தொண்டி போகும் கடற்கரைச் சாலையில், வெயிலுகந்த விநாயகர் கோயில் கொண்ட உப்பூர் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் கிராமத் திருவிழா என்றால் இரவு நாடகமும் உண்டு. பெரும்பாலும் 'வள்ளி திருமணம்' தான்.

இதில் ஒரு வேடிக்கை. இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். நிரந்தரக் குழு கிடையாது. வள்ளி ஓர் ஊர், நாரதர் ஓர் ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். ஒத்திகையும் இல்லை! சில நேரம் மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் ஒருவரை ஒருவர் முதன்முதலாகப் பார்ப்பார்கள். ஆனாலும், நாரதர் ஒரு பாட்டை எடுத்தால் வள்ளிக்கு அடுத்தது என்னவென்று தெரியும். எல்லாரும் படித்தது சுவாமிகளின் பாடம் அல்லவா!

போன வருஷம் பாடிய நாரதர் இந்த வருஷம் வராமல் போகலாம். முன்வரிசைத் தாத்தாக்கள், அவர் குரல் போல வருமா என்று கொஞ்ச நேரம் முணுமுணுப்பார்கள். பிறகு பாயை உதறிப் போட்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டு, வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்க விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள்.