கொரோனா தெரியும்... கொரானாவைத் தெரியுமா?

மூக்குக்குள் குச்சியை விட்டுச் சுழற்றினார்களே, ஞாபகம் இருக்கா?

2020 ஏப்ரலில் ஜூரோங் வட்டாரத்தின் வெஸ்ட்லைட் தோ குவான் தங்குவிடுதி தனிமைப்படுத்தும் பகுதியாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊழியர்கள் பலர் வாழும் தங்குவிடுதிகளில் எல்லாரும் காத்திருந்தது ஒரே ஒரு முடிவுக்கு: பிசிஆர் பரிசோதனை முடிவு.

அந்தப் பரிசோதனையின் அடிப்படை யோசனை, 1971ஆம் ஆண்டே ஓர் ஆய்வுக் கட்டுரையில் இருந்தது. அதை எழுதிய குழுவின் தலைவர் பெயர் ஹர் கோபிந்த் கொரானா. கிருமியின் பெயருக்கும் இவர் பெயருக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம்!

யார் இவர்?

1922இல் பிறந்ததாகப் பதிவு. ஊர், பஞ்சாபின் ராய்ப்பூர். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. சுமார் 100 பேர் வாழ்ந்த குக்கிராமம். அப்பா வரிக் கணக்குப்பிள்ளை. ஐந்து பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் என்றால் கிட்டத்தட்ட இவர்களுடையது மட்டும்தான். ஆரம்பப் பாடம் மரத்தடியில்.

லாகூரில் பட்டம். பிறகு அரசாங்க உபகாரச் சம்பளத்தில் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகம். 1948இல் முனைவர் பட்டம். அடுத்த ஆண்டு இந்தியா திரும்பினார்... வேலை கிடைக்கவில்லை! மறுபடியும் கப்பல். கேம்பிரிட்ஜ், கனடா, 1960இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் என்று வாழ்க்கை நகர்ந்தது.

எதற்கு நோபெல் பரிசு?

நம் மரபணுவில் இருக்கும் எழுத்துகளை உடல் எப்படிப் படித்துப் புரதம் செய்கிறது? அதைக் கண்டறிய உதவியதற்காக 1968இல் இவருக்கும் மார்ஷல் நிரன்பெர்க், ராபர்ட் ஹோலி இருவருக்கும் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது.

அதோடு ஓய்ந்துவிடவில்லை. ஒரு மரபணுவை வேதிப்பொருள்களிலிருந்தே கட்டி எழுப்பியதாக 1970இல் இவர் குழு அறிவித்தது. உலகில் அதுவே முதல்முறை.

சரி, பிசிஆர் எங்கே வந்தது?

டிஎன்ஏவை ஒரு ஸிப் மாதிரி நினைச்சுக்கோங்க. சூடாக்கினால் இரண்டு பக்கமும் பிரியும். ஆறவைத்தால், நமக்கு வேண்டிய இடத்தின் இரு முனைகளிலும் பிரைமர் எனும் குட்டி டிஎன்ஏ துண்டுகள் போய் ஒட்டும். அங்கிருந்து ஓர் என்சைம் நகல் எடுக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 30 சுற்று போனால் நகல்கள் ஒரு பில்லியனைத் தாண்டும். கொவிட்-19 பரிசோதனையில் கிருமியின் ஆர்என்ஏவை முதலில் டிஎன்ஏவாக மாற்றிவிட்டு இதையே செய்கிறார்கள். அதனால்தான் குச்சியில் ஒட்டிய துளியூண்டு கிருமிகூடச் சிக்குகிறது.

இரண்டு பிரைமர்களை வைத்து மீண்டும் மீண்டும் நகலெடுக்கலாம் என்று கொரானாவும் நார்வே விஞ்ஞானி கியெல் கிளெப்பும் சகாக்களும் 1971 கட்டுரையில் விவரித்திருந்தார்கள்.

அப்புறம் ஏன் செய்யலை?

காலம் ஒத்துழைக்கவில்லை. பிரைமர் செய்ய, டிஎன்ஏவின் எழுத்து வரிசை தெரிய வேண்டும். அதை வேகமாகப் படிக்கும் முறை 1977இல்தான் வந்தது. பிரைமரைத் தயாரிப்பதும் அன்று பெரும்பாடு. போதாததற்கு, ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் என்சைம் கெட்டுப்போகும். புதிதாக ஊற்ற வேண்டும். கொரானாவின் கவனம் வேறு ஆய்வுகளுக்குப் போனது.

1983இல் கலிஃபோர்னியாவின் சீட்டஸ் நிறுவனத்தில் கேரி மல்லிஸுக்கு அதே யோசனை உதித்தது. வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவிலிருந்து எடுத்த, சூடு தாங்கும் என்சைம் பின்னர் கைகொடுக்க, பிசிஆர் ஆய்வுக்கூடங்களுக்குள் புகுந்தது. 1993இல் மல்லிஸுக்கு வேதியியல் நோபெல்.

இடையில் ஒரு வழக்கும் நடந்தது. கொரானா குழு முன்பே எழுதிவிட்டதே, காப்புரிமை எப்படிச் செல்லும் என்று டுபான்ட் நிறுவனம் கேட்டது. 1991இல் நடுவர் குழு சீட்டஸ் பக்கமே தீர்ப்பளித்தது.

அப்போ யாருக்குப் பெருமை?

காகிதத்தில் இருந்த வழியை மல்லிஸும் சகாக்களும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல முடியாது. ஆனால் இன்னொன்றும் உண்டு: இன்று பிரைமர்களை எளிதாகத் தயாரிக்கும் முறையை உருவாக்கிய மார்வின் கரூதர்ஸ், கொரானாவின் ஆய்வுக்கூடத்தில் பயின்றவர்தான். ஆகவே, பிசிஆர் இயந்திரம் ஓடும் இடமெல்லாம் கொரானாவின் உழைப்பும் கலந்திருக்கிறது.

2011 நவம்பர் 9ஆம் தேதி, 89 வயதில் அமெரிக்காவில் காலமானார் கொரானா. ஒன்பது ஆண்டுகள் கழித்து, அவர் பெயரை ஒத்த கிருமியைத் தேடி உலகமே அந்த 1971 யோசனையை நம்பி நின்றது.

இனி யாராவது பிசிஆர் என்றால், மரத்தடியில் படித்த அந்தப் பையனையும் நினைச்சுக்கோங்க. எழுத்தை மட்டும் மாற்றிடாதீங்க!