நின்ற இதயமும் குழாய்த் தண்ணீரும்: சிட்னி ரிங்கரின் வாழ்க்கை

2009இல் இறுதிப் போரின்போது, தற்காலிக வைத்தியசாலைகளில் மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிடப்பட்ட சேலைனை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். பொதுவாகச் சேலைன் என்று நாம் சொல்லும் திரவங்களில் ஒரு வகையைத் தாதியர் ஹார்ட்மன் என்பார்கள். உப்போடு பொட்டாசியமும் சொற்ப அளவு கல்சியமும் அதில் இருக்கும். அந்தச் சொற்ப கல்சியம் அதற்குள் எப்படி வந்தது என்று தேடினால், சிட்னி ரிங்கர் என்ற ஆங்கிலேய வைத்தியரிடம் போய்ச் சேருவோம்.

நான் அவரைத் தேடிப் படித்ததற்குக் காரணம் ஹுன்னஸ்கிரியவில் இருக்கும் என் பெரியப்பா. 1977 கலவரத்துக்குப் பின் வன்னிக்குப் போனவர், போர் முடிந்த பிறகு மலைக்கே திரும்பிவிட்டார். அவருக்கு மாரடைப்பு வந்தபோது, இரவு முழுக்க வாயு என்று நினைத்துப் படுத்திருந்தார். விடிந்த பிறகுதான் வளைந்து இறங்கும் மலைப்பாதையில் கண்டிக்குக் கொண்டு போனோம். அடைப்பை நீக்கினார்கள், உயிர் தப்பினார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி பழுதாகிவிட்டது. அடைப்பு எடுபட்டு இரத்தம் திரும்ப ஓடியதும் அந்தப் பழுதில் ஒரு பங்கை உண்டாக்கியிருக்கும் என்று வைத்தியர் சொன்னார். இரத்தம் இல்லாமல் தவித்த தசையை, வந்து சேர்ந்த இரத்தமே எப்படிக் காயப்படுத்தும்? வீட்டில் எல்லோரும் கேட்ட கேள்வி இதுதான். இதற்கான பதில் ரிங்கரின் காலத்தில் தொடங்குகிறது.

ரிங்கர் இங்கிலாந்தின் நோர்விச் நகரில் 1830களின் நடுப்பகுதியில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். சகோதரர்கள் வணிகத்தின் பக்கம் போனார்கள். இளையவர் பிரெடரிக் ஜப்பானின் நாகசாக்கியில் பெயர் பெற்ற வணிகரானார், தேயிலை ஏற்றுமதியிலும் ஈடுபட்டார். சிட்னி மட்டும் 1854இல் லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜில் மருத்துவம் படிக்கச் சேர்ந்து, வாழ்நாள் முழுவதும் அந்த வைத்தியசாலையிலேயே பணியாற்றினார். 1869இல் அவர் எழுதிய சிகிச்சைக் கைநூல் பல பதிப்புகள் கண்டது. நோயாளிகளைப் பார்ப்பதற்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரத்தில், அருகில் இருந்த சிறிய ஆய்வுகூடத்தில் தவளை இதயங்களை வைத்துச் சோதனை செய்தார்.

உடலிலிருந்து எடுத்த இதயத்தை உப்பு நீர் மட்டுமே துடிக்க வைக்கும் என்று 1882இல் அவர் அறிவித்தார். காய்ச்சி வடித்த நீரில் உப்பைக் கரைத்ததாகத்தான் நினைத்திருந்தார். உண்மையில் அவருடைய உதவியாளர் பயன்படுத்தியது லண்டன் குழாய்த் தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதை நாம் அறிவோம். சுண்ணாம்புக் கல்லில் ஊறிய நீர் அப்படித்தான் இருக்கும். லண்டன் நீரும் அத்தகையதே. அதில் பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய 38 பங்கு கல்சியம் இருந்தது.

உண்மையிலேயே வடித்த நீரைப் பயன்படுத்தியபோது இதயம் மெல்ல மெல்லத் தளர்ந்து, சுமார் இருபது நிமிடத்தில் நின்றது. சிறிது கல்சியம் சேர்த்ததும் மறுபடி துடித்தது. முந்தைய முடிவு பிழை என்பதை ரிங்கர் மறைக்கவில்லை. 1883இல், அதே ஆய்விதழில், எந்த நிறுவனத்தின் தண்ணீர் என்பதையும் சேர்த்து எழுதித் திருத்தினார். இதயத் துடிப்புக்குக் கல்சியம் இன்றியமையாதது என்று உலகம் அறிந்தது அந்தத் திருத்தத்தால்தான். கல்சியம் மிஞ்சினால் இதயம் சுருங்கியபடியே விறைத்துப் போகும் என்பதையும், பொட்டாசியம் அதைச் சமன் செய்யும் என்பதையும் அவரே கண்டார். அவருடைய கரைசலில் 1930களில் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் அலெக்சிஸ் ஹார்ட்மன் லக்டேட்டைச் சேர்த்தார். நமக்குத் தெரிந்த ஹார்ட்மன் சேலைன் அதுதான்.

பெரியப்பாவின் இதயத்தில் நடந்ததும் இதே கணக்குப் பிசகியதுதான். இதயத் தசைக் கலத்துக்கு வெளியே இருக்கும் கல்சியம் உள்ளே இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம். ஒவ்வொரு துடிப்புக்கும் அளந்து உள்ளே விட்டு, உடனே வெளியேற்ற வேண்டும். அதற்குச் சக்தி தேவை. இரத்தக் குழாய் அடைபட்டால் ஒட்சிசன் நின்று, சக்தி தீர்ந்து, அமிலம் தேங்குகிறது. இரத்தம் திரும்பியதும் வெளியே உள்ள அமிலம் கழுவப்படுகிறது. உள்ளே தேங்கிய அமிலத்தை வெளியேற்றக் கலம் சோடியத்தை உள்ளே எடுக்கிறது. சேர்ந்த சோடியத்தை வெளியேற்ற, அதற்குப் பதிலாகக் கல்சியத்தை உள்ளே விடுகிறது. வெள்ளமாகப் புகும் கல்சியம், சக்தி தரும் இழைமணிகளை நிரப்பிச் சிதைக்கிறது. தசை நார்கள் தளர முடியாமல் விறைத்துக் கிழிகின்றன. இரத்தம் திரும்புவதால் நேரும் இந்தச் சேதத்தை 1960இல் அமெரிக்காவில் ரொபர்ட் ஜென்னிங்ஸ் குழுவினர் நாய்களின் இதயத்தில் கவனித்தனர். 1966இல் நெதர்லாந்தில் சிமர்மனும் ஹுல்ஸ்மனும் எலி இதயத்தில் கல்சியத்தைச் சில நிமிடங்கள் நிறுத்தி மீண்டும் கொடுத்தபோது, நிறுத்தியதைவிடத் திருப்பிக் கொடுத்ததே அதைச் சிதைத்தது.

நீண்ட காலம் பறிக்கப்பட்டிருந்த ஒன்று திரும்பக் கிடைப்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பது மீள்குடியேறிய எங்களுக்குப் புதிய செய்தியல்ல. அதற்காக அடைப்பைத் திறக்காமல் விட முடியுமா? திறக்காவிட்டால் தசை முழுவதும் போய்விடும். இழைமணிகளைக் காக்கும் என்று நம்பிய சைக்ளோஸ்போரின் மருந்தும் 2015இல் வெளியான பெரிய பரிசோதனையில் பலன் தரவில்லை. இன்றுவரை கையில் உள்ள சிறந்த மருந்து நேரம்தான். அடைப்பு எவ்வளவு சீக்கிரம் திறக்கப்படுகிறதோ, அவ்வளவுக்குத் தசை மிஞ்சும்.

ஆகவே மலையிலும் வன்னியிலும் வாழும் நம்மவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெஞ்சை அழுத்தும் வலி, இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, திடீர் வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றை வாயு என்று விடிய விடியப் பொறுத்திருக்க வேண்டாம். செல், குண்டு என்று எத்தனையோ பொறுத்துப் பழகியவர்கள் நாம். இந்த வலியில் அந்தப் பழக்கம் உயிரைக் கேட்கும். சுவசெரிய இலவச அம்பியுலன்ஸ் இலக்கம் 1990. அருகிலுள்ள வைத்தியசாலையில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து கிடைத்தால், கண்டியை அடையும் முன்பே சிகிச்சை தொடங்கிவிடும்.

ரிங்கர் 1885இல் ரோயல் சொசைட்டியின் உறுப்பினரானார். சிறு வயதில் இறந்த தன் மகளின் நினைவாக, யோர்க்ஷயரின் லாஸ்டிங்ஹாம் கிராமத்துத் தேவாலயத்தைத் தன் செலவில் புதுப்பித்தார். 1910 ஒக்டோபர் 14 அன்று அதே ஊரில் காலமானார். அவர் வாழ்ந்த காலத்தில் மாரடைப்புக்கு இன்று உள்ள சிகிச்சை எதுவும் இல்லை. இன்று இருக்கிறது, நாம் நேரத்தோடு போய்ச் சேர்ந்தால்.